காபிப் பொடிக் கடை வெப்சைட்டும் ஐந்து கோளாறுகளும்

மேற்கு மாம்பலத்துக் காபிப் பொடிக் கடைக்கு நீங்கள் செய்த வெப்சைட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேப்டாப் குரோமில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடைக்காரர் தன் போனில் திறந்தால் பக்கம் வலப்பக்கமாக வழுக்குகிறது. மெனு போய் பேனர் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, எது மேலே எது கீழே என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் எண்ணை 9999 என்று கொடுத்தும் மேலே வரவில்லை. மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஹெடர் பக்கத்தோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. முதல் திரையில் இருக்கும் ஆர்டர் பட்டன் பாதி மறைகிறது. "எங்களைப் பற்றி" பக்கத்தில் தமிழ் குப்பையாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெப்சைட் கட்டும் ஆயத்தத் தொகுப்பான ஏதாவது ஒரு ஃப்ரேம்வொர்க்கில் புதிதாக ஆரம்பிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். நீங்கள் அனுப்பிய வெப்சைட் கோடை முழுக்கப் படித்தேன். ஐந்து கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரிவது மூன்றுதான். மற்ற இரண்டும் நீங்கள் போட்ட ஒட்டுகள் பெற்ற பிள்ளைகள். பக்கம் வழுக்குவதை மறைக்க, பக்கவாட்டில் மிஞ்சுவதை வெட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டீர்கள், அதனால் ஹெடர் ஒட்டாமல் போனது. பட்டன் மறைவதைப் பார்த்து அதன் மேல் ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து பேனருக்கு இசட்-இண்டெக்ஸ் 1 கொடுத்தீர்கள், அதனால் மெனு பின்னால் போனது. ஃப்ரேம்வொர்க் மாற்றினாலும் இதே பழக்கம் கூடவே வரும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் உங்கள் சிஎஸ்எஸ் ஃபைலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்றுதான் இப்போது பார்க்க வேண்டும், அதற்கு பிரவுசர் எந்த விதிப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். வெப் ஸ்டாண்டர்ட்ஸ் என்று நாங்கள் சொல்வது அந்த விதிகளைத்தான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ஸ்டாண்டர்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் அது ஒழுங்காக எழுதுவதற்கான அறிவுரை என்று நினைத்துவிடுகிறார்கள். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, அதன் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பை 1994-இல் தொடங்கினார். அதே ஆண்டு ஹோகன் வியும் லீ சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தார், 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்-இன் முதல் பதிப்பு முறையான பரிந்துரையாக வெளிவந்தது. ஆனால் காகிதத்தில் இருந்தது பிரவுசரில் இல்லை. நான் இந்த வேலைக்கு வந்த 2004-இல், கிண்டி பக்கம் ஒரு சின்ன ஆபீஸ், ஒரே பக்கத்துக்கு இரண்டு சிஎஸ்எஸ் ஃபைல் எழுதுவோம். ஒரு கிளையன்டின் ஆபீசில் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 இருந்தது. அதில் விட்த் (அகலம்) 300 என்றால் பேடிங் (உள் இடைவெளி), பார்டர் (விளிம்புக் கோடு) எல்லாம் அந்த 300-க்குள்ளேயே அடங்கும். ஸ்டாண்டர்டிலோ 300 என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும், மற்றதெல்லாம் அதற்கு மேல் கூடும். மூன்று பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய டிசைனில் ஒரு பிரவுசரில் மூன்றாவது பத்தி கீழே விழுந்தது, இன்னொன்றில் நடுவே ஓட்டை. காரணம் தெரியாமல் இரண்டு இரவு உட்கார்ந்து எண்களை மாற்றிக்கொண்டே இருந்தோம், மூன்றாம் நாள் ஒரு சீனியர் வந்து பெட்டியின் அளவு எப்படிக் கணக்காகிறது என்று பேப்பரில் வரைந்து காட்டினார், பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இப்போது உங்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறேன்.

இன்று நிலைமை முழுக்க மாறிவிட்டது. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியின் ஸ்டாண்டர்டை வாட்விக் என்ற குழு தொடர்ந்து திருத்திக்கொண்டே வருகிறது, 2019-இல் டபிள்யூ3சி-யும் அதையே ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சரியாக எழுதிய கோடை எப்படிப் படிக்க வேண்டும் என்பதோடு தப்பாக எழுதிய கோடை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். உங்கள் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பத்திக்கான பி டேகுக்குள், பொதுவான பெட்டியான டிவ் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். விதிப்படி டிவ் தொடங்குவதைப் பார்த்ததும், பிரவுசரில் கோடைப் படிக்கும் பார்சர் அந்த பி-யை அங்கேயே மூடிவிடும், கடைசியில் நீங்கள் போட்ட மூடும் பி-க்கு ஜோடி இல்லாததால் அது ஒரு காலி பி-யாக மாறிவிடும். அதனால்தான் பி-க்குள் இருப்பதற்கு என்று நீங்கள் எழுதிய ஸ்டைல் அந்த டிவ்வுக்குப் போய்ச் சேரவில்லை, கீழே காரணமில்லாமல் ஒரு இடைவெளி வேறு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் இதே மரத்தைத்தான், அதாவது டேகுகளின் இதே அடுக்கைத்தான் கட்டும். நீங்கள் எழுதிய ஃபைலையும் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ் கருவியின் எலிமென்ட்ஸ் பகுதியில் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லாத இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஆகவே சிஎஸ்எஸ்-ஐத் தொடுவதற்கு முன்னால் ஹெச்டிஎம்எல்லை, பிழை காட்டும் டபிள்யூ3சி-யின் வேலிடேட்டரில் போடுங்கள். இலவசம், ஒரு நிமிட வேலை. உங்கள் முகப்புப் பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன், ஒரே ஐடி மூன்று இடத்தில் இருக்கிறது, ஒரு லிங்குக்குள் இன்னொரு லிங்க் இருக்கிறது, "எங்களைப் பற்றி" பக்கத்தில் இது எந்த வகை ஃபைல் என்று பிரவுசருக்குச் சொல்லும் டாக்டைப்பே இல்லை. டாக்டைப் இல்லாவிட்டால் பிரவுசர் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும், அதாவது தொண்ணூறுகளின் பக்கங்கள் உடையாமல் இருப்பதற்காக வைத்திருக்கும் பழைய நடத்தைக்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிஎஸ்எஸ், ஆனால் ஒன்று மட்டும் வேறு மாதிரி தெரிகிறது என்று குழம்பினீர்களே, அது இதுதான். முதல் வரியில் டாக்டைப், ஹெச்டிஎம்எல் டேகில் மொழியைச் சொல்லும் லாங் ஆட்ரிபியூட், ஹெட்டின் தொடக்கத்திலேயே எழுத்து முறையைச் சொல்லும் மெட்டா கேரக்டர்செட், அதற்கடுத்து திரை அகலத்தைச் சொல்லும் மெட்டா வியூபோர்ட். இந்த நான்கும் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும். வியூபோர்ட் வரி இல்லாத பக்கத்தை போன் பிரவுசர்கள் ஏறக்குறைய 980 பிக்சல் அகலத் திரை என்று நினைத்து வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அந்த வரியில் யூசர்-ஸ்கேலபிள் நோ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டிருக்கிறீர்கள், அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கண் மங்கிய ஒரு பாட்டி விலையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சரி, வழுக்கல். இது ஒரே நோய் மாதிரி தெரியும், ஆனால் நான்கைந்து காரணங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், உங்கள் பக்கத்தில் மூன்று சேர்ந்தே இருந்தன. முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வழி: ஸ்டைல்ஷீட்டின் கடைசியில் எல்லா எலிமென்டையும் குறிக்கும் ஸ்டார் செலக்டருக்கு 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் வேண்டாம், பார்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், அளவையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது. இப்போது எந்தப் பெட்டி திரையைத் தாண்டி நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

முதலில் சிக்கியது கார்டு. விட்த் 100 சதவீதம், பேடிங் இரண்டு பக்கமும் 20, பார்டர் இரண்டு பக்கமும் 1. 360 பிக்சல் அகல போனில் இதன் மொத்த அகலம் 402. 42 பிக்சல் வெளியே துருத்துகிறது. பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் என்று எல்லா எலிமென்டுக்கும் ஒருமுறை கொடுத்துவிட்டால் பேடிங்கும் பார்டரும் அந்த 100 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நான் மேலே சொன்ன பழைய எக்ஸ்ப்ளோரர் கணக்கு ஞாபகம் இருக்கிறதா, அதேதான். அன்று அது விதி மீறல், பிறகு ஸ்டாண்டர்டே அதை ஒரு தேர்வாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னொன்று, டிவ் மாதிரியான பிளாக் எலிமென்டுக்கு விட்த் 100 சதவீதம் என்று எழுதவே தேவையில்லை, எழுதாமல் விட்டாலே இருக்கிற அகலத்தை அதுவாக நிரப்பிக்கொள்ளும்.

இரண்டாவது விலைப்பட்டியல். பெயர் இடப்பக்கம், விலை வலப்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறீர்கள். இங்கே இருக்கும் விதி பல வருட அனுபவம் உள்ளவர்களையே தடுமாற வைப்பது: ஃப்ளெக்ஸ் குழந்தையின், அதாவது அதற்குள் இருக்கும் எலிமென்டின், மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ. அதாவது தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே அது சுருங்க மறுக்கும். ஆங்கிலத்தில் சொற்கள் குட்டையானவை, பெரும்பாலும் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். தமிழில் வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒட்டி ஒட்டி நீளும், "வாடிக்கையாளர்களுக்காகவே" என்ற ஒரே சொல் பெரிய ஃபான்டில் போன் திரையின் பாதியைப் பிடித்துவிடும், நம் ஊர் வெப்சைட்டுகள் போனில் இப்படி உடைவதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தக் குழந்தைக்கு மின்-விட்த் 0 கொடுங்கள். கட்டங்களாக அடுக்கும் கிரிட்டிலும் இதே கதைதான், ஒரு பங்கு இடம் என்று பொருள்படும் 1எஃப்ஆர் எழுதினால் அதற்குள்ளும் இந்த ஆட்டோ ஒளிந்திருக்கிறது, மின்மேக்ஸ் 0, 1எஃப்ஆர் என்று எழுதினால் சுருங்கும்.

அப்புறம் அந்தச் சொல் எங்கே உடைய வேண்டும் என்பது. நீங்கள் வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போட்டிருக்கிறீர்கள், அது நீளமான சொல் குட்டையான சொல் என்று பார்க்காமல் வரி முடிகிற இடத்தில் எந்தச் சொல்லையும் வெட்டும், தமிழ் படிக்கச் சகிக்காது. ஓவர்ஃப்ளோ-ராப் என்ற ப்ராப்பர்ட்டிக்கு எனிவேர் என்று கொடுங்கள், வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் சொல்லை உடைக்கும். இதே ப்ராப்பர்ட்டிக்கு பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி வேலை செய்யும், ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது இந்த உடைப்பைச் சேர்த்துக்கொள்ளாது, எனிவேர் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஃப்ளெக்ஸுக்குள் எனிவேர்தான் உதவும்.

மூன்றாவது படம். இமேஜுக்கு மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், ஹைட் ஆட்டோ. கூடவே ஹெச்டிஎம்எல்லில் விட்த், ஹைட் ஆட்ரிபியூட்டுகளில் படத்தின் உண்மையான அளவைக் கொடுங்கள், பிரவுசர் அந்த விகிதத்தைப் பார்த்து படம் வரும் முன்பே இடம் ஒதுக்கிவிடும், படிக்கும்போது பக்கம் குதிக்காது. படத்துக்குக் கீழே நாலைந்து பிக்சல் இடைவெளி வருகிறது என்று மைனஸ் மார்ஜின் கொடுத்திருக்கிறீர்களே, படம் இயல்பாக இன்லைன் எலிமென்ட், எழுத்து மாதிரி பேஸ்லைனில் உட்கார்ந்திருக்கிறது, கீழே வால் நீட்டும் எழுத்துகளுக்கான இடம்தான் அந்த இடைவெளி. டிஸ்ப்ளே பிளாக் போதும், மைனஸ் மார்ஜினை அழித்துவிடுங்கள். பேனருக்கு விட்த் 100விடபிள்யூ (முழுத் திரை அகலம்) கொடுத்திருப்பதையும் எடுத்துவிடுங்கள், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்க்ரோல்பார் பிடிக்கும் அகலத்தை அந்த அளவு கழிப்பதில்லை.

இவ்வளவும் செய்தால் வழுக்கல் நின்றுவிடும், அதன் பிறகு முழுப் பக்கத்தையும் சுற்றியிருக்கும் டிவ்வில் போட்ட ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடனை எடுத்துவிடுங்கள், ஹெடர் தானாக ஒட்ட ஆரம்பிக்கும். ஏன் என்றால், ஒரு திசைக்கு ஹிடன் கொடுத்தால் இன்னொரு திசையின் விசிபிள் ஆட்டோவாக மாறிவிடும் என்பது விதி, உடனே அந்த டிவ் ஒரு ஸ்க்ரோல் பெட்டியாகிவிடுகிறது. ஸ்டிக்கி எலிமென்ட் தனக்கு மேலே இருப்பவற்றில் மிக அருகில் உள்ள ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஹெடர் அந்த டிவ்வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் உண்மையில் ஸ்க்ரோல் ஆவது அந்த டிவ் இல்லை, முழு ஜன்னல். அலங்காரத்துக்காக எதையாவது வேண்டுமென்றே வெளியே நீட்டி வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஹிடனுக்குப் பதில் கிளிப் போடுங்கள், அது ஸ்க்ரோல் பெட்டி உண்டாக்காது. ஸ்டிக்கிக்கு டாப் 0 கொடுக்காமல் விட்டாலும் ஒட்டாது, நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

மெனு விஷயம். இசட்-இண்டெக்ஸை பக்கம் முழுவதற்கும் பொதுவான ஒரு தரவரிசை என்று நினைப்பதால்தான் 9999, 99999 என்று ஏலம் போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தள வீட்டுக்குள் நீங்கள் எவ்வளவு உயர ஏணி போட்டு ஏறினாலும் உங்கள் வீட்டுக் கூரை வரைதான், முதல் மாடியில் தரையில் படுத்திருப்பவர்கூட உங்களுக்கு மேலேதான். சிஎஸ்எஸ்-இல் அந்த வீட்டுக்குப் பெயர் ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட். பொசிஷன் ஸ்டிக்கி அல்லது ஃபிக்ஸ்ட் கொடுத்தால் ஒரு வீடு உருவாகும், டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தால் உருவாகும், ஓப்பாசிட்டி 1-ஐவிடக் கொஞ்சம் குறைந்தாலும் உருவாகும், ஃபில்டர் கொடுத்தாலும் அப்படித்தான். உங்கள் ஹெடர் ஸ்டிக்கி, அதனால் அது ஒரு வீடு, தனக்கென்று எண் எதுவும் இல்லாததால் தரைத்தளம். மெனு அதற்குள் குடியிருக்கிறது. பேனர் 1, அதாவது முதல் மாடி. மெனுவின் 9999 ஹெடருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பேனரில் இருக்கும் 1-ஐ எடுங்கள், எண்ணை ஹெடருக்குக் கொடுங்கள், 10 போதும், மெனுவில் இருக்கும் 9999-ஐ அழியுங்கள். ஆர்டர் ஃபாரம் ஒரு பாப்-அப்பாக வருகிறதே, அதற்கு இந்த எண் விளையாட்டே வேண்டாம், டயலாக் எலிமென்டை எடுத்து ஷோமோடல் என்ற ஃபங்ஷனால் திறந்தால் பிரவுசரே அதை எல்லா வீட்டுக்கும் மேலே டாப் லேயரில் வைக்கும், எஸ்கேப் கீ அடித்தால் மூடும், பின்னால் இருக்கும் பட்டன்களுக்கு டேப் கீ போகாமலும் பார்த்துக்கொள்ளும்.

பட்டன் மறைவது எளிய விஷயம். பேனருக்கு ஹைட் 100விஹெச் (முழுத் திரை உயரம்) கொடுத்திருக்கிறீர்கள். போனில் விஹெச் என்பது அட்ரஸ் பார் மறைந்த பிறகு கிடைக்கும் பெரிய உயரத்தை வைத்துத்தான் கணக்காகும், ஆனால் பக்கம் திறக்கும்போது அட்ரஸ் பார் இருக்கும், அந்த அளவுக்குக் கீழ்ப்பகுதி மறையும். அட்ரஸ் பார் இருக்கும்போதுள்ள சின்ன உயரத்துக்கு எஸ்விஹெச், அது மறைந்த பெரிய உயரத்துக்கு எல்விஹெச், அந்தந்த நேரத்து உயரத்துக்கு டிவிஹெச் என்று மூன்று அளவுகள் வந்திருக்கின்றன, 2022 முடிவதற்குள் மூன்று பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டன. பலர் டிவிஹெச் போடச் சொல்வார்கள், நான் பேனருக்கு எஸ்விஹெச்தான் போடுவேன், ஏனென்றால் டிவிஹெச் அட்ரஸ் பார் ஏறி இறங்கும்போதெல்லாம் அளவு மாறும், விரலுக்குக் கீழே பக்கம் அசைவது எரிச்சல். ஹைட் என்று எழுதாமல் மின்-ஹைட் என்று எழுதுங்கள், உள்ளே விஷயம் கூடினால் பெட்டி வளர வேண்டும். முதல் வரியில் மின்-ஹைட் 100விஹெச், அடுத்த வரியில் மின்-ஹைட் 100எஸ்விஹெச். புரியாத மதிப்பைக் கண்டால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போக வேண்டும் என்பது சிஎஸ்எஸ் ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கும் விதி, ஆகவே பழைய போன் முதல் வரியை எடுத்துக்கொள்ளும், புதிய போன் இரண்டாவதை.

இனி தமிழ். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் எந்தப் பாடமும் நம் பிரச்சினையை நமக்காகச் சொல்லித் தராது. "தமிழ் குப்பையாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்தீர்கள். குப்பையில் மூன்று வகை, பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். தலையில் கோடு, புள்ளி போட்ட லத்தீன் எழுத்துகளும் குறியீடுகளுமாக, தமிழ் எழுத்துக்கு மூன்று மூன்றாக வந்தால் கோளாறு என்கோடிங்கில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில். யுடிஎஃப்-8 முறையில் யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், அதைப் பிரவுசர் பழைய மேற்கத்திய என்கோடிங் என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. மெட்டா கேரக்டர்செட் யுடிஎஃப்-8 என்பது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அதனால்தான் ஹெட்டின் முதல் வரியாகப் போடச் சொன்னேன். அது இருந்தும் குப்பை என்றால் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடர் குறிப்பைப் பாருங்கள் (மேலே ஒட்டி நிற்கும் ஹெடர் இல்லை), அங்கே வேறு என்கோடிங் சொல்லியிருந்தால் உங்கள் மெட்டா வரி எடுபடாது, சர்வர் சொல்தான் செல்லும்.

எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் என்கோடிங் சரி, அந்த எழுத்துள்ள ஃபான்ட் இல்லை என்று பொருள். மூன்றாவது வகை, கோடு புள்ளி இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து அர்த்தமில்லாமல் வருவது. உங்கள் பக்கத்தில் இருப்பது இந்த வகை. கடையின் வரலாற்றைக் கடைக்காரர் ஏதோ டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய ஃபைலிலிருந்து எடுத்தேன் என்று சொன்னீர்கள், அது யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஃபான்ட் அது. அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழ். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என்ற என்கோடிங்குகளையும் ஒரு விசைப்பலகையையும் முடிவுசெய்தார்கள். பிறகு யூனிகோட் பரவியது, 2010-இல் தமிழக அரசும் அதை ஸ்டாண்டர்டாக அறிவித்தது. ஆனாலும் அச்சு வேலையில் பழைய ஃபான்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஃபைல்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஃபான்டை வெப்சைட்டில் ஏற்றி மேலுக்குச் சரிசெய்யலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். தேடினால் கிடைக்காது, காப்பி செய்தால் குப்பைதான் வரும், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் அதை ஆங்கிலக் குப்பையாகவே வாசிக்கும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு கருவியில் யூனிகோடாக மாற்றி, ஒருமுறை உட்கார்ந்து பிழை பார்த்துவிடுங்கள்.

லாங் ஆட்ரிபியூட்டில் டிஏ என்ற இரண்டெழுத்துக் குறி இருக்க வேண்டும். உங்கள் டெம்ப்ளேட்டில் இருந்த ஆங்கிலக் குறி அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழை வாசிக்கத் திணறும், சில குரல்கள் தமிழ் எழுத்துகளைத் தாண்டியே போய்விடும். பக்கம் தமிழ், நடுவில் ஒரு பத்தி ஆங்கிலம் என்றால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாகக் குறி கொடுக்கலாம்.

ஃபான்டைப் பொறுத்தவரை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை முதலில் வைத்து, விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ, கடைசியில் சான்ஸ்-செரிஃப் என்று வரிசை கொடுங்கள். லைன்-ஹைட்டை ஆங்கிலப் பக்கத்தின் கணக்கில் 1.2 என்று வைத்திருக்கிறீர்கள், "கி", "கு", "ணூ" எல்லாம் மேலும் கீழும் நீட்டும் எழுத்துகள், வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. 1.6-இலிருந்து ஆரம்பித்துக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யுங்கள். பிக்சலில் கொடுக்காமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள், ஃபான்ட் பெரிதானால் இடைவெளியும் கூடவே வளரும். தலைப்புகளுக்கு லெட்டர்-ஸ்பேசிங் கொடுத்திருப்பதை எடுத்துவிடுங்கள், "கொ" என்பதன் கொம்பும் காலும் பிரியக் கூடாது என்று ஸ்டாண்டர்ட் சொல்கிறது, பிரவுசர் அதைக் காப்பாற்றினாலும்கூட எழுத்துகள் தள்ளித் தள்ளி நிற்கும் தமிழ் கண்ணுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான தமிழ் ஃபான்டுகளில் இட்டாலிக் கிடையாது, பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டும், அழகாக இருக்காது, அழுத்தம் வேண்டும் என்றால் போல்ட் அல்லது நிறம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் பட்டன் ஒரு டிவ், ஆன்கிளிக் வைத்திருக்கிறீர்கள். மவுஸில் வேலை செய்யும், கீபோர்டில் செய்யாது, ஆண்ட்ராய்டின் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக் வைத்துப் போன் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அது பட்டன் என்றே தெரியாது. பட்டன் டேகைப் போட்டால் இவை எல்லாம் ஒரு வரி எழுதாமல் கிடைக்கும். பிரவுசரின் பட்டன் அசிங்கமாக இருக்கிறது என்பதால்தான் டிவ் போட்டேன் என்றால், ஃபான்ட் இன்ஹெரிட், பார்டர் 0, பேக்ரவுண்ட் நிறம், அவ்வளவுதான், அழகாகிவிடும். இன்புட்டுகளுக்கு லேபிள் வையுங்கள், பிளேஸ்ஹோல்டர் லேபிள் ஆகாது, தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் மறைந்துவிடும். இன்புட்டின் ஃபான்ட் 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் நம்பர் வெறும் எழுத்தாக இருக்கிறது, அதைத் தொட்டால் அழைக்கும் டெல் லிங்காக்குங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் 2015 டிசம்பர். வெள்ளத்தின்போது சைதாப்பேட்டையில் மொட்டை மாடியில் இருந்தோம், போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். உதவி செய்யும் இடங்களின் பட்டியல் பல பக்கங்களில் சுற்றியது. அழகாகச் செய்த ஒரு பக்கம் ஸ்கிரிப்ட் முழுவதும் இறங்கும் வரை வெள்ளையாகவே நின்றது, கடைசி வரை திறக்கவில்லை. யாரோ அவசரத்தில் வெறும் டேபிளும் டெல் லிங்கும் மட்டும் வைத்து எழுதிய பக்கம் பாதி இறங்கும்போதே படிக்க முடிந்தது, ஏனென்றால் ஹெச்டிஎம்எல் வர வர பிரவுசர் காட்டிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்தில் விரலால் தொட்டுத்தான் கீழ்வீட்டு அம்மாவுக்குச் சாப்பாடு கேட்டு போன் போட்டோம். அன்றிலிருந்து எந்தப் பக்கம் செய்தாலும் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒருமுறை திறந்து பார்ப்பேன். உங்கள் பக்கத்தில் விலைப்பட்டியல் ஸ்கிரிப்ட் மூலம் வருகிறது. பன்னிரண்டு பொருள், அதை நேராக ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதிவிடுங்கள்.

நிறமும் ஒரு கவலை. காபிக் கடை என்று வெளிர் சந்தனப் பின்னணியில் வெளிர் பழுப்பு எழுத்து வைத்திருக்கிறீர்கள், ஏசி ரூமில் அழகு. எல்லோரும் பயன்படுத்த வசதியான வெப்சைட்டுக்கான விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி சொல்லும் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. டெவ்டூல்ஸில் நிறத்தின் மேல் கிளிக் செய்தாலே எண் தெரியும். உங்களுடையது 4.5-ஐத் தொடவில்லை. மதியம் ஒரு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் நின்று திறந்து பாருங்கள், எண்ணே வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குரோமின் போன் மாதிரிக் காட்சி அளவைத்தான் காட்டும், மெதுவான பிராசசரையும் மங்கிய திரையையும் காட்டாது.

மற்ற ஸ்டைல்களை மீறச் சொல்லும் இம்பார்ட்டன்ட் என்ற சொல் உங்கள் ஃபைலில் 41 இடத்தில் இருக்கிறது. மேலே சொன்னவற்றை எடுக்க எடுக்கப் பாதி தானாகவே தேவையற்றதாகிவிடும். மீதியில் பெரும்பாலானவை ஐடியை வைத்து எழுதிய ஸ்டைலை கிளாஸால் மீற முடியாததால் வந்தவை. ஒரு ஐடி எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் மேலேதான். ஸ்டைலுக்கு ஐடியைப் பயன்படுத்தாமல் கிளாஸை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சண்டை வராது.

கடைக்காரரின் மகன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் வர வேண்டும் என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இலேயே விண்டோஸ் 10-இல் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது, அதற்காக எதுவும் எழுத வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். கிரிட் 2017-இலிருந்தே எல்லாப் பெரிய பிரவுசரிலும் இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். முதலில் வேலிடேட்டர், பிறகு வழுக்கல், அது நின்ற பிறகு ஹெடர், இந்த வரிசையில் போங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் போனில் ஒருமுறை பாருங்கள். இதற்கப்புறமும் விலைப்பட்டியல் பக்கம் வலப்பக்கம் போனால் அந்தப் பகுதியின் ஹெச்டிஎம்எல்லை மட்டும் தனியாக எடுத்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.